விலை கொடுக்குமுன் உண்ணலாமா?



சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலையிலே பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் முடிந்து தேநீர் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் தாயார் ஒருவர் என்னை அணுகி, "சேர், ரவுனுக்குப் போய்க் கடையில் சாமான் எடுக்கும்போது, பசிக்கிறது என்று பிள்ளை பிஸ்கட் பக்கெட்டை உடைத்துத் தின்றுவிடுகிறான். காசு கொடுக்கத்தானே போகிறோம்? அது பிழையா?" என்று வினவினார். அருகில் நின்ற மற்றொருவர், "பிழை என்ன பிழை, களவா எடுக்கிறோம்?" என்றார். மூன்றாமவர் வயதில் மூத்தவர். அவர் தலையை அசைத்து, "எங்கள் காலத்தில் இப்படிக் கை வைத்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் கை முறிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கலானார். நான் அன்று தக்க விடை ஒன்றும் கூறவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோது, மூவர் சொன்னதிலும் ஓரளவு நியாயம் இருப்பதை உணர்ந்தேன். அந்த யோசனையின் பயனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊவாவின் தோட்டப்புறங்களிலே, பசறையானாலும் மடுல்சீமையானாலும் நமுனுகுலவானாலும் அப்புத்தளையானாலும், பணம் கொடுக்குமுன் உண்பது என்பது பிள்ளைகள் கண்டுபிடித்த வழக்கமன்று. அது எங்கள் வாழ்க்கை முறை. மாதச் சம்பளம், மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் வழங்கப்படல் வேண்டும் என்பது 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே தோட்டத்துக் குடும்பம் ஒன்று மாதத்தின் முதல் நாள் உண்ட சோற்றுக்கு அடுத்த மாதம் பத்தாந் தேதியிலே விலை கொடுக்கிறது. இடைப்பட்ட நாற்பது நாட்களும் கடைக்காரரின் பற்றுக் கொப்பியிலே வாழ்கிறது. இது இன்று நேற்று வந்ததும் அன்று. கோப்பிக் காலத்திலிருந்தே எங்கள் முன்னோர் கடனோடுதான் மலையேறினர். கங்காணி கொடுத்த முற்பணம், தோட்டம் கொடுத்த அரிசி என யாவும் முதலில் வயிற்றுக்குள் போயின. பின்னர் சம்பளத்திலே கழிக்கப்பட்டன. ஒருவரின் கடன் இவ்வளவு என்று எழுதிய கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்திலே வேலைக்குச் சேர இயலாது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடைப் பற்று ஒழியவில்லை, ஒழியவும் முடியாது. அது இல்லாவிடில் மாதக் கடைசியில் அடுப்பு எரியாது.

இதை வகுப்பறையிலே ஒரு முறை பேசிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியென்றால் சேர், நாங்கள் சாப்பிடுகிற எல்லாமே காசு கொடுக்காமல் சாப்பிடுகிறதுதானே?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவனது கேள்விக்கு மறுமொழி கூறாமல் இந்த விஷயத்தைப் பேசுவதில் பொருளில்லை.

என் இளமைக் கால நிகழ்ச்சி ஒன்றையே அவனுக்கு மறுமொழியாகச் சொன்னேன். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். லயத்துக்குக் கீழே பாதையோரத்தில் கடை இருந்தது. மாலை வேளையிலே அம்மா கொப்பியைக் கொடுத்து என்னை அங்கே அனுப்புவார். முதலாளி சாமானை நிறுத்துக் கடதாசியிலே சுற்றித் தந்து, தம்மிடமுள்ள கொப்பியிலும் நான் கொண்டுபோன கொப்பியிலும் எழுதுவார். ஒரு நாள் கித்துள் கருப்பட்டி கால் றாத்தல் வாங்கிவரச் சொன்னார்கள். மழைக்காலம், பாதை ஏற்றம், பசியோ அளவில்லை. கடதாசியின் ஓரத்தைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தேன். பின்னர் இன்னொன்று. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கருப்பட்டி பாதியாகிவிட்டது.

அப்பா அதைக் கையிலே வைத்துப் பார்த்தார். கொப்பியையும் பார்த்தார். ஒன்றும் பேசாமல், பெய்கின்ற மழையிலே என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "முதலாளி, ஏழை என்று நிறையிலே கை வைக்கலாமா?" என்று கேட்டார். கடையிலே நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி கருப்பட்டியைத் தராசிலே இட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயோரத்திலே என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவர் ஒரு துண்டை உடைத்துத் தட்டிலே வைத்து நிறையைச் சரிசெய்து, "தவறிப் போயிருக்கும், கொண்டுபோங்கள்" என்றார். அப்பா வென்றுவிட்டவர் போலத் திரும்பி நடந்தார். நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அதன் பின்னர் அந்த முதலாளி நிறுப்பதையெல்லாம் அப்பா சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அந்தக் கருப்பட்டிக்கும் அன்று நாங்கள் பணம் கொடுத்திருக்கவில்லை. அந்த மாதம் உண்ட அரிசிக்கும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அரிசியை நாங்கள் உண்பது முதலாளிக்குத் தெரியும். அவர் சம்மதித்துத் தந்தார், எழுதிக்கொண்டார். நான் கடித்த துண்டு யாருக்கும் தெரியாமல் போயிற்று. அது எவருடைய கணக்கிலும் ஏறாத காரணத்தால், நேர்மையான ஒரு மனிதர் நாலு பேர் முன்னிலையிலே கள்ள நிறை நிறுப்பவர் என்று பெயர் எடுத்தார். கடன் வாழ்க்கை முழுவதும் இரண்டு கொப்பிகளும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையிலே நிற்கிறது. பணம் முந்தியா, பசி முந்தியா என்பதை விட, உடையவர் அறிந்து இணங்கினாரா, கணக்கிலே ஏறியதா என்பவைதாம் கேட்கவேண்டிய கேள்விகள். எட்டாம் வகுப்பு மாணவனுக்கு நான் கூறியது இவ்வளவே.

இதற்கு இன்னும் தெளிவான சான்று வேண்டுமாயின், பதுளை பஸ் நிலையத்தை அண்டிய தேநீர்க் கடை எதற்குள்ளாவது சென்று அமர்ந்து பாருங்கள். நாம் கேளாமலே ஒரு தட்டு மேசைக்கு வரும். அதிலே வடை, ரோல்ஸ், கட்லட், பணிஸ் என்று அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்து உண்கிறோம்; வேண்டாததை விட்டுவிடுகிறோம். எழும்போது பரிமாறியவர் தட்டிலே எஞ்சியதை எண்ணி, குறைந்ததற்கு மட்டும் கணக்குச் சொல்கிறார். இலங்கை முழுவதிலும் உள்ள வழக்கம் இது. பல பேர் கை பட்ட தட்டு என்று சுகாதாரம் பேசுவோர் குறை கூறுவர். அக்குறை நியாயமானதே, நானும் மூடிவைத்த வடையையே கேட்டு வாங்குவேன். எனினும் நேர்மையைப் பொறுத்த வரையிலே அதில் ஒரு குற்றமும் காண்பதற்கில்லை. அங்கே தட்டை வைத்தவர் கடைக்காரர்; எண்ணுகிறவரும் அவரே. பண்டாரவளைச் சந்தையிலே தோடம்பழக்காரர் ஒரு சுளையை உரித்துப் பிள்ளையின் கையிலே கொடுத்து, "இனிக்கிறதா பார்" என்று சொன்னால் அதுவும் இத்தகையதே. அவர் கொடுக்கிறார், பிள்ளை வாங்கிக்கொள்கிறது. பிள்ளை தானாகக் குவியலிலே கைவைத்தால் அது வேறு.

இனி, தாமே எடுத்துக்கொள்ளும் பெரிய கடைகளுக்கு வருவோம். கடைக்காரருக்கும் பொருளுக்கும் இடையே இருந்த பலகையை அகற்றி, வாடிக்கையாளரையே தட்டுகளுக்கு நடுவில் நடக்கவிட்ட முறை, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 1916 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே திறந்த கடையோடு பிரசித்தமாயிற்று. அதற்கு முன் பெரும்பாலான கடைகளிலே, எங்கள் லயத்துக் கடையைப் போலவே, கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்பதும் தருவதும் ஒழிந்த இடத்திலே புதிய ஐயம் ஒன்று பிறந்தது. தட்டிலிருந்து பொருளை எடுத்துக் கூடையிலே இட்டுவிட்டால், அது யாருடையது?

இந்த ஐயம் இங்கிலாந்திலே நீதிமன்றம் வரை சென்றது. லண்டனை அடுத்த எட்ஜ்வெயார் என்னுமிடத்தில் பூட்ஸ் என்ற மருந்துக் கடை நிறுவனம் 1951 இலே தன் கடையொன்றைச் சுயசேவைக் கடையாக மாற்றியது. சில மருந்துகளை மருந்தாளரின் மேற்பார்வையிலேதான் விற்கலாம் என்பது சட்டம். மருந்தாளரோ காசு வாங்கும் மேசையருகே இருந்தார். தட்டிலிருந்து எடுத்தபோதே விற்பனை முடிந்துவிட்டதா, மேசையிலேதான் முடிகிறதா என்பதே வழக்கு. 1953 இலே மேன்முறையீட்டு நீதிமன்றம், விற்பனை மேசையிலேதான் நிகழ்கிறது என்று தீர்ப்பளித்தது. தட்டிலே பொருளை அடுக்கிவைப்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மாத்திரமே. வாடிக்கையாளர் மேசைக்குக் கொண்டுவந்து தருவதே "இதை வாங்க விரும்புகிறேன்" என்ற கோரிக்கை. காசாளர் ஏற்றுக்கொண்டால்தான் வியாபாரம். அங்ஙனமில்லை எனில், ஒன்றை எடுத்தபின் மனம் மாறித் திரும்ப வைப்பதற்குக்கூட நமக்கு உரிமை இராது அன்றோ?

எமது நாட்டிலே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டில் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியே இயற்றப்பட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றுண்டு. நிறுத்தோ அளந்தோ விலை காணவேண்டிய பொருளாயின், விற்பவர் நிறுத்து, அது வாங்குபவருக்குத் தெரியும் வரையிலே, பொருளின் உரிமை சாதாரணமாகக் கை மாறுவதில்லை. பிஸ்கட் பக்கெட்டின் வெற்று உறையைக் காட்டினால் அதன் விலையை அறியலாம். அந்த உறையிலுள்ள கோடுகளை இயந்திரம் வாசிக்கும். அக்கோட்டு முறையைக் கடையிலே முதன்முதலாகப் பயன்படுத்திய நாள் 1974 ஜூன் 26. அமெரிக்காவிலே ஒகையோ மாநிலத்து டிரோய் நகரில், அன்று இயந்திரம் வாசித்த முதற் பொருள் ஒரு சூயிங்கம் பக்கெட்! உறை எஞ்சினால் கணக்கு எஞ்சும். ஆனால் பிள்ளை தின்றுவிட்ட எட்டுத் திராட்சைப் பழத்தை யார் நிறுப்பது? தோலும் விதையும்கூட எஞ்சுவதில்லை. "நாலு பழம்தானே" என்று பெரியவர்களே வாயிலே போட்டுக்கொண்டு பிள்ளைக்கும் ஊட்டுவதைக் கண்டிருக்கிறேன். பக்கெட்டை உடைக்கும் பிள்ளையை விட, காரிலே வந்து திராட்சை கொறிக்கும் பெரியவரே கணக்கைக் குலைப்பவர் என்பது என் கருத்து.

காரிலே வருவோரைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சுக்கு உண்மையில் தூண்டுகோலாக அமைந்த சம்பவத்தை இப்போது சொல்கிறேன். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை. பதுளை நகரில் ஒரு சுயசேவைக் கடை. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. நான் காசு கொடுக்க வரிசையிலே நின்றேன். எனக்கு முன்னால் தள்ளுவண்டியிலே அமர்ந்திருந்த குழந்தை ஒன்று யோகட் பானத்தைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. நன்றாக உடுத்திய பெற்றோர். காசாளர் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, வெற்றுப் போத்தலை வாங்கி, இயந்திரத்திலே காட்டினார். எனக்குப் பின்னால் எமது பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, அவளுடைய தாய், நாலு வயதுத் தம்பி. தம்பியின் கையிலே உடைத்த பிஸ்கட் பக்கெட். கடைப் பணியாளர் ஒருவர் விரைந்து வந்து, "இதை எங்கே எடுத்தாய்? காசு கொடுத்தாயா? பையைத் திற" என்று உரத்துக் கேட்டார். தாய் கையிலிருந்த நோட்டைக் காட்டி ஏதோ சொன்னார். பேச்சுச் சிங்களத்திலும் தமிழிலும் குழம்பியது. பை திறக்கப்பட்டது. அதிலே துவாய் ஒன்றும், சுற்றிய ரொட்டியும், மருந்துச் சீட்டும் இருந்தன. நான் தலையிட்டேன், விஷயம் அடங்கியது. அந்தச் சிறுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்களும் செவ்வாயும் பாடசாலைக்கு வரவில்லை.

இரண்டு குழந்தைகளும் செய்தது ஒரே காரியம். சட்டத்தின் கண்ணிலும் அப்படித்தான். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, களவுக்கு நேர்மையற்ற எண்ணம் இருக்கவேண்டும் என்கிறது. உறையைக் கையிலே வைத்துக்கொண்டு வரிசையிலே நிற்பவரிடம் அந்த எண்ணத்தைக் காண்பது எங்ஙனம்? மேலும் 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் எந்தச் செயலும் குற்றமாகாது. அதற்கு முன் அவ்வெல்லை எட்டு வயதாக இருந்தது. ஆயினும் சட்டம் தரும் பாதுகாப்பு அந்தச் சனிக்கிழமை அந்தப் பையைத் திறப்பதைத் தடுக்கவில்லை. ஒருவர் பிள்ளை செய்தால் செல்லம், மற்றவர் பிள்ளை செய்தால் களவு என்ற பார்வை நகரத்திலே இருக்கிறது. அது அநீதி. அந்த அநீதி ஒழியும்வரை காத்திருந்து பிள்ளைகளை வளர்க்க இயலாது என்பதும் உண்மை.

சனிக்கிழமையன்று அந்தத் தாய் தவறு செய்தாரா? அவருடைய மனத்திலே இருந்தது லயத்துக் கடை. அங்கே முதலாளி பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பார். போத்தலைத் திறந்து தாமே ஒரு டொபியைக் கொடுத்து, "எழுதிக்கொள்கிறேன்" என்பார். சில நாள் எழுதாமலும் விடுவார். அந்தச் சம்மதத்தை அவர் நகரத்துக்கும் சுமந்து வந்துவிட்டார். பிள்ளை கேட்டது தாயிடம், தாய் இணங்கினார். ஆனால் பொருள் தாயினுடையது அன்று. பிள்ளைக்குச் சம்மதம் தரும் உரிமை அவருக்கு உண்டு. பொருளுக்குச் சம்மதம் தரும் உரிமை கடைக்காரருக்கே உண்டு. நல்ல தாய்மார் பலர் தவறுவது இந்த ஒரு படியிலேதான்.

ஆகவே பெற்றோர் கூட்டத்திலே கேட்ட தாயாருக்கு என் விடை: பிழைதான் அம்மா, ஆனால் களவு அன்று, திருத்துவது எளிது. மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறிவரும் நாலு வயதுப் பிள்ளைக்குப் பதுளை வந்து சேரும்போது பசி எடுக்காமல் இருக்குமா? கொண்டுவந்த ரொட்டியைக் கடைக்குள் போகுமுன் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னும் அழுதால், முதலில் அந்த ஒரு பக்கெட்டை மாத்திரம் காசாளரிடம் கொண்டுபோய்ப் பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தேயாக வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டம் கூறுகிறது. வரிசை நீளமாக இருந்தால் அங்குள்ள பணியாளர் ஒருவரிடம், "பிள்ளைக்கு இதை உடைத்துக் கொடுக்கிறேன், உறையைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஆம் என்பார்கள். இல்லை என்றால் இல்லைதான். நிறுத்து விற்கும் பொருளிலே மட்டும், யார் ஆம் என்றாலும், கை வைக்கவேண்டாம்.

பிள்ளை இதைப் புரிந்துகொள்ளுமா என்று கேட்பீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. கையை மெதுவாக எடுத்துவிட வேண்டும். அடிப்பதனால் பயன் இல்லை. நாலைந்து வயதிலே "யாரைக் கேட்கவேண்டும்?" என்ற ஒரே கேள்வியைக் கற்பிக்கலாம். எட்டு, ஒன்பது வயதிலே கையிலே காசைக் கொடுத்து, தானே வாங்கி, மிச்சக் காசை எண்ணி வரும்படி அனுப்பலாம். எமது பாடசாலையிலே ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டுக் கடை ஒன்று வைத்திருக்கிறோம். மண் தேங்காய், கடதாசிக் காசு, ஒரு பழைய தராசு. அதிலே காசாளராக இருப்பதற்கே எல்லாரும் போட்டியிடுகிறார்கள். அந்த இடத்திலே ஒரு நாள் அமர்ந்த பிள்ளைக்குச் சாமான் குறைந்தால் யார் பதில் சொல்வது என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. நான் வந்து விளக்கவேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். இனிப்புகளைக் காசாளரின் மேசையோரத்திலே, மூன்று வயதுப் பிள்ளையின் கண் மட்டத்திலே அடுக்கிவைப்பவர்கள் நீங்கள். வரிசை நகராமல் நிற்கும் இடமும் அதுவே. அதை இரண்டடி உயர்த்தினால் நட்டம் பெரிதாக வந்துவிடாது. உறை உடைக்கலாமா, கூடாதா என்பதை வாசலிலே மூன்று மொழிகளிலும் எழுதிவையுங்கள். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே நடத்துங்கள். கேட்கவேண்டியிருந்தால் தாயை ஓரமாக அழைத்து, தாழ்ந்த குரலிலே கேளுங்கள். என் தந்தையார் கருப்பட்டிப் பொட்டலத்தோடு வந்து சத்தமிட்ட அன்று, அந்த முதலாளி என் வாயை நாலு பேருக்கும் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. மறுநாள் மாலை நான் கொப்பியோடு போனபோது, சாமானை நிறுத்துக் கட்டியபின் ஒரு சிறு கருப்பட்டித் துண்டை உடைத்து என் கையிலே தந்து, "தம்பி, இதை இங்கேயே தின்றுவிட்டுப் போ" என்றார்.